வீட்டு ஆபீசுக்கு மெஷ் வாங்கணுமா, கேபிள் இழுக்கணுமா? அணக்கரையிலேருந்து ஒரு கேள்வி

அணக்கரை கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். குமுளி–மூணார் ரோட்டுல அணக்கரையிலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி எங்க வீடு. முன்ன கம்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீசுல கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். தெனமும் காலையில கம்பம்மெட்டு இறங்கிப் போயி சாயங்காலம் ஏறி வருவேன். 2020 மார்ச்சுல ஊரடங்கு வந்து செக்போஸ்டை அடைச்சாங்க. அன்னைக்கு வீட்டுக்குள்ள கொண்டு வந்த வேலை அப்புறம் மலை இறங்கவே இல்ல. இப்ப பதினாலு பார்ட்டிக்கு நான்தான் கணக்கு. பாதிப் பேரு ஏலக்கா வியாபாரிங்க, புற்றடியிலயும் போடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்துல காய் எடுக்கறவங்க. மீதி தோட்டக்காரங்க, ஒரு மொளகுக் கடை. கூட ரெண்டு பொண்ணுங்க வேலைக்கு வர்றாங்க.

மாடி ரூம்தான் ஆபீசு. கணக்கு டேட்டா மொத்தமும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. பொண்ணுங்க ரெண்டு பேரும் லேப்டாப்புல வைஃபை மூலமா அதைத் திறந்து என்ட்ரி போடுவாங்க. ஃபைபர் மோடம் கீழ ஹால்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல. கீழ்வீடு என் மாமனார் காலத்துக் கருங்கல் சுவர், ஒரு முழத்துக்குக் குறையாது. மாடி பின்னால எடுத்தது, மேல தகர ஷீட்டு. முற்றத்துக்கு அந்தப் பக்கம், சரிவுல இறங்கினா ஒரு அறுபது மீட்டர்ல எங்க ஏலக்கா ஸ்டோர். காய் உலர்த்தற எடம். அங்க பச்சக் காய் வரவு, காஞ்ச காய் எடை போட ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுக்கு வீட்டுலேருந்து பலாமரம் வழியா லேன் கேபிள் தொங்கவிட்டிருக்கோம்.

தொந்தரவு என்னன்னா, லேப்டாப்புல என்ட்ரி போட்டுக்கிட்டே இருக்கறப்ப திடீர்னு தொடர்பு விட்டுப்போயி, கம்பெனி ஃபைல் கெட்டுப்போச்சுன்னு வருது. போன ஜூலை 20ஆம் தேதி ராத்திரி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள், ஒரு வியாபாரியோட கணக்கு அப்படியே திறக்கமாட்டேன்னுடுச்சு. முந்தின நாள் பேக்கப் எடுத்து, பில்லு ஒண்ணொண்ணா திரும்ப ஏத்தி முடிக்கறப்ப ராத்திரி மணி பதினொன்னே முக்கால். ஒரு நாள் தள்ளினாலும் லேட் ஃபீ 50 ரூபா, வட்டி வேற. பணம்கூடப் பெருசில்ல. அந்த மனுஷன் என்னை நம்பிக் கொடுத்திருக்காரு. என் கை நடுங்கினது எனக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணு இடி. ஐப்பசியில ஒரு சாயங்காலம் இடிச்ச இடியில மோடத்துல ஒரு போர்ட்டும், ஸ்டோர்ல இருந்த கம்ப்யூட்டர் மதர்போர்டும் போயிருச்சு. வீட்டு மேல இடி விழலை, அது நிச்சயம்.

பிளான் 100 எம்பிபிஎஸ். மாடியில லேப்டாப்புல 12, 15க்கு மேல வர்றதில்ல. கடையில கேட்டா, ஏஎக்ஸ் 3000 மெஷ், அதாவது வீட்டுல அங்கங்க வச்சு வைஃபையைப் பரப்பற பொட்டிங்க, மூணு பொட்டி 11,500 ரூபா, எல்லாம் சரியாயிரும்னாரு. பொட்டி மேல 3000 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கு. வாங்கலாமா? காசு போனாலும் பரவாயில்ல, ஒரு தடவை செஞ்சா உருப்படியா இருக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பம் கேபிள்:

தங்கச்சி, இன்னும் வாங்கலைன்னா வாங்காதீங்க. உங்க வீட்டுல இருக்கறது ஒரு வியாதி இல்ல, மூணு. அந்தப் பொட்டி அதுல ஒண்ணைத்தான் தொடும், அதையும் பாதிதான்.

முதல்ல அந்த 3000 கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574, 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402. ரெண்டையும் கூட்டினா 2976. அதைத்தான் 3000னு போட்டிருக்கான். ஒரு லேப்டாப்பு ரவுட்டரோட பேசறப்ப ரெண்டுல ஏதாவது ஒரு அலைவரிசையிலதான் பேசும். கூட்டுத்தொகை ஒருத்தருக்கும் கிடைக்காது. அந்த 2402ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைச்சா, ரெண்டு பக்கமும் அதுக்குத் தோதா இருந்தா, பக்கத்துல உக்காந்திருந்தாத்தான். பாதி அகலத்துல அதே 1201 ஆயிரும். உங்க வீட்டுக்கு வெளியிலேருந்து வர்றதே 100. கணக்கு எழுதறவங்க நீங்க, உங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் இந்த வேலைக்கு வந்தது 2001ல. கம்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர், எட்டு மிஷினு, ஒரே டயல்-அப் மோடம், நடுவுல ஒரு ஹப். கேபிள் முனையைச் சீவி ஆர்ஜே 45 பிளக்கை அழுத்தி மாட்ட, அதாவது கிரிம்ப் பண்ண, கத்துக்கிட்டது அங்கதான். அப்பல்லாம் வீட்டுக்கு ரவுட்டர்னு ஒரு சாமான் வாங்கறதையே யாரும் நினைச்சதில்ல. வைஃபைக்கு முதல் தரநிலை 1997லயே வந்தாச்சு, 1999ல 11 எம்பிபிஎஸ் வந்துச்சு, ஆனா நம்ம பக்கம் அது கண்ணுல படவே வருஷங்களாச்சு. 2002 கடைசியில அமெரிக்காவுல லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜினு நீலமும் கருப்புமா, ரெண்டு ஆன்டெனா வச்சு ஒண்ணு வந்துச்சு. வீட்டு ரவுட்டர்னு சொன்னா உலகம் முழுக்க ரொம்ப நாளைக்கு அந்த உருவம்தான். நம்ம ஊருல 2004 பிராட்பேண்ட் கொள்கையில 256 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்டுன்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் டெலிபோன் கம்பியில ஏடிஎஸ்எல் மோடம் வந்துச்சு. பொட்டிக்குள்ளயே வைஃபை வச்சு வந்தப்பதான் ஜனங்க, ஓ, ஒயர் வேண்டாமான்னு சந்தோஷப்பட்டாங்க. வீட்டுல கேபிள் இழுக்கற பழக்கம் அன்னையோட போச்சு.

2020ல என்ன ஆச்சுன்னா, ஒரே மாசத்துல எல்லா வீடும் ஆபீசாச்சு. கம்பம், கூடலூர், உத்தமபாளையம்னு அனுமதிச் சீட்டு வாங்கிக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கேன். புதுசா ரவுட்டர் வாங்கி வச்சவங்கள்ல நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் ஆன்டெனாவை எண்ணித்தான் வாங்கியிருந்தாங்க. நாலு கொம்பு, ஆறு கொம்பு. பின்னால இருக்கற லேன் போர்ட்டு 100ஆ 1000ஆன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஏசி 1200னு பேரு போட்டு, வைஃபை 867 வரைக்கும் போகும்னு எழுதி, பின்னால போர்ட்டு வெறும் 100ல கொடுத்த பொட்டிங்க ஏகப்பட்டது வித்துச்சு. உள்ள நுழையற வாசலே 100ன்னா அப்புறம் கூடம் எவ்வளவு பெருசா இருந்து என்ன செய்ய?

சரி, உங்க வீட்டுக்கு வர்றேன்.

கணக்கு ஃபைல் கெடறது இன்டர்நெட்டு பிரச்சனையே இல்ல. மோடத்துலேருந்து நெட்டைக் கழட்டிட்டாலும் அது கெடும். பொண்ணுங்க லேப்டாப்பு உங்க மிஷின்ல இருக்கற ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டே எழுதுது. வைஃபை ஒரு அரை செகண்டு கண்ணு சிமிட்டினா, யூடியூபுன்னா முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வச்சிருக்கும், தெரியாது. மெயிலுன்னா திரும்ப அனுப்பிக்கும். ஆனா பாதி எழுதின ஃபைல் பாதியிலயே நின்னுரும். அதோட உங்க மிஷினும் லேப்டாப்பும் ஒரே ரூம்ல, கைக்கெட்டற தூரத்துல இருந்தாலும், வைஃபைல போற ஒவ்வொரு என்ட்ரியும் கருங்கல் சுவரைத் தாண்டிக் கீழ மோடத்துக்குப் போயித் திரும்ப மேல வருது. அந்த மூணு பொட்டி மெஷ் வாங்கினாலும் பொட்டிக்கும் பொட்டிக்கும் நடுவுல காத்துலதான் பேசிக்கும். சிமிட்டறது கொறையும், நிக்காது.

மாடி ரூம்ல அஞ்சு போர்ட்டு கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வைங்க, பல மிஷினைக் கேபிள்ல ஒண்ணா இணைக்கற பொட்டி அது. உங்க மிஷின், ரெண்டு லேப்டாப்பு, பிரின்டர் நாலும் அதுல கேபிள்ல. அஞ்சாவது போர்ட்டுலேருந்து கீழ மோடத்துக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான். பொண்ணுங்க போடற என்ட்ரி ரூமை விட்டே வெளிய போகாது.

கேபிள்ல ஏமாறாதீங்க. கேட் 6 ரகம், சுத்தச் செம்புன்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசினது பாதி விலைக்குக் கிடைக்குது, பார்த்தா வித்தியாசமே தெரியாது. ஒரு கம்பியை எடுத்து பிளேடால சுரண்டுங்க. செம்புன்னா உள்ள வரைக்கும் சிவப்பு. முலாம்னா வெள்ளை தெரியும். அது நாலு தடவை மடிச்சா ஒடிஞ்சிரும். இன்னொண்ணு, உள்ள எட்டுக் கம்பி இருக்கு. 100 எம்பிபிஎஸ்சுக்கு நாலு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேணும். 100க்குத் தேவைப்படாத அந்த மீதி நாலுல ஒண்ணு ஒடிஞ்சிருந்தா, பெரும்பாலும் சத்தமே இல்லாம 100க்கு இறங்கிரும், நெட்டு வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கிரிம்ப் பண்றவரு ரெண்டு முனையிலயும் ஒரே வரிசையில வைக்கணும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.

இப்ப ஸ்டோர். எனக்கு மனசுக்குக் கஷ்டமான விஷயம் இதுதான். மலை மேல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்புக் கம்பி தொங்கவிடவே கூடாது. இடி கம்பி மேல விழ வேண்டியதில்ல. பக்கத்துத் தோட்டத்துல விழுந்தாலும் அவ்வளவு நீளக் கம்பியில மின்சாரம் தூண்டப்பட்டுரும். ரெண்டு கட்டடத்துக்கும் எர்த்து வேற வேற. அந்த ஒரு நொடியில ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் முழுக்க உங்க லேன் கேபிள் வழியா ஓடும். ஒரு முனையில மோடம் போர்ட்டு, மறுமுனையில மதர்போர்டு. ரெண்டும் போயிருக்கு, பாருங்க, அப்படியே பொருந்துது. அந்த நேரம் ஸ்டோர்ல கம்ப்யூட்டர் முன்னால ஆளு உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இதைப் படிச்ச உடனே அந்தக் கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டிருங்க. புதுசு போடறது அப்புறம்.

அதுக்குப் பதிலு ஃபைபர். கண்ணாடியில கரண்டு ஓடாது. மீடியா கன்வெர்ட்டர்னு லேன் கேபிள்ல வர்றதை ஒளியா மாத்தற சின்னப் பொட்டி, ஜோடியா வரும், ஒண்ணு ஏ, இன்னொண்ணு பி. ரெண்டு ஏ வாங்கிட்டு வந்துராதீங்க, ஒண்ணு அனுப்பற ஒளியை மத்தது வாங்கணும், அதான் ஜோடி. கிகாபிட்னு பார்த்து வாங்குங்க. 80 மீட்டர் ஃபைபர், ரெண்டு முனையும் கனெக்டர் போட்டே ரெடிமேடா கிடைக்கும். கன்வெர்ட்டர்ல இருக்கறது நீலக் கனெக்டர்னா கேபிளும் நீலமா இருக்கணும். பச்சை வேற, அது முனை சாய்வா சீவினது, ரெண்டையும் கலக்கக்கூடாது. கேபிளோட தாங்கு கம்பி ஒண்ணு ஒட்டி வரும், அது இரும்பு. அதை வெளிச்சுவர்ல கொக்கியோட நிறுத்திருங்க, வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. உள்ள இருக்கற பலம் கொடுக்கற குச்சியும் இரும்பு இல்லாம ஃபைபர் குச்சியா இருக்கற கேபிளாக் கேளுங்க. ரொம்ப மடக்கக்கூடாது, காப்பித் தம்ளர் வாய் அளவுக்குக் கீழ வளையக்கூடாதுன்னு வச்சுக்கங்க.

இவ்வளவும் செஞ்ச பின்னால பழைய மோடத்து வைஃபை போன்களுக்குத் தாராளம்.

நெடுங்கண்டம் வீட்டிலிருந்து:

அண்ணன் சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு வேற கருத்து. மெஷ்ஷை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். நான் வாடகை வீட்டுல இருந்து ஐடி வேலை பார்க்கறேன், நாலு வருஷமாச்சு. வீட்டுக்காரச் சேட்டன் சுவர்ல ஒரு ஓட்டை போட விடமாட்டாரு. கேபிள் இழுக்க வழியில்லாதவங்களுக்கு மெஷ் நல்ல வழி. என் வீட்டுல ரெண்டு பொட்டி, மீட்டிங் நடுவுல ஒரு நாளும் அறுந்ததில்ல. ஆனா நான் யாரோட ஃபைலையும் நேரடியாத் திறந்து எழுதறதில்ல, அது நிஜம். மெஷ் வாங்கினாலும் பொட்டிக்குப் பின்னால லேன் போர்ட்டு இருக்கறதா பார்த்து வாங்கினா, பின்னால எப்பவாவது கேபிள் போட்டு இணைச்சுக்கலாம்.

2.4 வைஃபைய ஆட்டோ சேனல்ல விடாம 1, 6, 11 மூணுல கூட்டம் கொறைஞ்சதுல வைங்க. அது மூணுதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது.

புளியரை சாரல்:

நான் ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கம், செங்கோட்டை புளியரை. வீட்டுல டிடிபி வேலை. எங்களுக்கும் சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி அப்படித்தான். கேரள பேரிடர் மேலாண்மை ஆணையம் இடி எச்சரிக்கையில மதியம் 2 மணியிலேருந்து ராத்திரி 10 வரைக்கும் கவனமா இருக்கச் சொல்லுவாங்க. நான் அந்த மாசங்கள்ல கனமான வேலையெல்லாம் காலையிலயே முடிச்சுருவேன், மேகம் கறுத்தா பிளக்கைப் பிடுங்கிருவேன். சுவிட்சை அணைச்சா போதாது அக்கா, பிளக்கே வெளிய வரணும்.

மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வைங்க. கையடக்கமா இருக்கும். கரண்டு போயி வந்தா மோடம் திரும்ப எழுந்து வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அந்த நேரத்துல ஓடிபி வந்து காலாவதியாயிரும். மோடம் அடாப்டர்ல எத்தனை ஆம்பியர்னு பார்த்து அதுக்குக் கொறையாம வாங்கணும்.

அணக்கரை கணக்கு:

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அன்னைக்கு ராத்திரியே டார்ச் எடுத்துக்கிட்டுப் போயி ஸ்டோர் கேபிளைக் கழட்டிட்டேன். அண்ணே, கம்ப்யூட்டர் முன்னால ஆளு உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எழுதினீங்களே, அங்க சாயங்காலம் உக்காந்து எடை போடறது என் பையன். அதைப் படிச்சப்புறம் எனக்கு உக்கார முடியல.

நேத்தும் இன்னைக்கும் வேலை நடந்துச்சு. நடந்ததை அப்படியே எழுதறேன், என்னை மாதிரி யாராவது தேடி வந்தா உதவும்.

மாடிக்கு ஏற்கெனவே ஒரு கேபிள் இருந்துச்சு, வீட்டு வயரிங் பண்ணப்ப போட்டது, என் கம்ப்யூட்டருக்கு மட்டும். செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு பார்த்தா 100/100. எலக்ட்ரீஷியன் தம்பி இங்கத்துப் பையன், மலையாளி. முனையை வெட்டி, பிரவுன் கம்பியில தோலை உரிச்சு பிளேடால சுரண்டினான். முதல் சுரண்டல்ல செம்பு நிறம். ரெண்டாவதுல நகக்கண் அளவுக்கு வெள்ளையா மின்னுச்சு. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, "சேச்சி, இது செம்பல்லல்லோ"ன்னான். ரெண்டு தடவை மடிச்சான், மூணாவதுக்குக் கையோட வந்துருச்சு. இத்தனை வருஷமா இதுலதான் பதினாலு பேரோட கணக்கும் ஓடியிருக்கு.

புதுக் கேபிள் 40 மீட்டர் 1,280. ஸ்விட்ச் 1,250. மீடியா கன்வெர்ட்டர் ஜோடி 2,100, கம்பத்துல கிடைக்கல, தேனியிலேருந்து பஸ்ஸுல போட்டு விட்டாங்க. ரெடிமேடு ஃபைபர் 80 மீட்டர் 1,400. மினி யுபிஎஸ் 1,300. கூலி 1,500. மொத்தம் 8,830. அந்தப் பொட்டி விலையைவிடக் கொறைவு.

மாடியில மூணு மிஷினும் 1000/1000 காட்டுது. பொண்ணுங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து போன மாச ஏல பில்லு எரநூத்தி சொச்சம் ஏத்தினாங்க, ஒரு தடவைகூட அறுகலை. முன்ன ஒரு ரிப்போர்ட் திறக்கறதுக்குள்ள டீ ஆத்திக் குடிச்சுரலாம். இப்ப பட்டனை அழுத்தறதுக்குள்ள திரையில வந்து நிக்குது. வைஃபைல இப்ப போன் மட்டும்தான். நெடுங்கண்டம் தம்பி சொன்ன மாதிரி சேனலை 11க்கு மாத்தினேன், மாமியாருக்கு அடுப்படியில கூட வீடியோ கால் வருதாம்.

ஸ்டோருக்கு ஃபைபர் போட்டாச்சு. பலாமரத்தை விட்டுட்டு முற்றத்து ஓரமா பைப்புக்குள்ள. சாயங்காலம் பையன் எடை போட்டான். 52 கிலோ 300 கிராம்னு மாடியில என் திரையில வந்து விழுந்துச்சு, கீழேருந்து அவன் கத்திச் சொல்றதுக்கு முன்னாலயே.

ஒண்ணு மட்டும் பாக்கி. எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டரு வச்சுப் பார்த்துட்டு வீட்டு எர்த்து சரியில்லன்னான். பழைய குழி பாறையிலதான் இருக்கு. வேற குழி எடுக்கணுமா, இல்ல இதுலயே உப்பும் கரியும் போட்டா போதுமா அண்ணே?

கம்பம் கேபிள்:

பாறையில உப்பும் கரியும் போட்டு என்ன செய்ய, ஈரம் நிக்கற மண்ணு இருந்தாத்தான் அது வேலை செய்யும். வேற குழி எடுங்க தங்கச்சி. வீட்டுக்குக் கீழ்ச்சரிவுல, குளிக்கற தண்ணி போற பக்கமாப் பாருங்க, அங்கதான் எப்பவும் ஈரம் இருக்கும். கடப்பாரை ரெண்டு முழம் தடையில்லாம இறங்கற எடமா இருக்கணும். குழியிலேருந்து வீட்டுக்கு வர்ற எர்த்துக் கம்பியில எங்கயும் முறுக்கி ஒட்டு போட வேண்டாம், ஒரே நீளமா வரட்டும். ஸ்டோருக்கும் தனியா எர்த்து இருக்கான்னு அதே மீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. வீட்டுக்குக் கரண்டு பிரியற டிபி பாக்ஸ்ல, திடீர்னு ஏறற கரண்டைத் தடுக்கற சர்ஜ் காப்பு ஒண்ணு வைக்கலாம், ஆனா எர்த்து நல்லா வந்த பின்னாலதான். எர்த்து இல்லாம அதை வச்சா வெறும் அலங்காரம்.

குழி எடுத்ததும் மீட்டர்ல என்ன காட்டுதுன்னு இங்க எழுதுங்க. சித்திரைக்கு முன்னால முடிச்சிருங்க.